எடுக்கிற ஓய்வு

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ தொலைபேசியில் சொன்னதற்கெல்லாம் "சரிம்மா" என்ற ஒரே சொல்லைத்தான் பதிலாகச் சொன்னேன். கோபம் என்று நீ நினைத்திருக்கலாம். கோபமில்லை. பதினாறு ஆண்டுகளாக உன் நீச்சலைத் தவிர வேறெதைப் பற்றியும் உன்னிடம் அதிகம் பேசிப் பழகாத நான், அந்த நீச்சலையே சில காலம் விட்டிருக்கப் போவதாக நீ சொன்னதும், இனி உன்னிடம் பேச என்ன இருக்கிறது என்று ஒரு கணம் திகைத்துவிட்டேன். அப்படித் திகைத்தது எவ்வளவு வெட்கக்கேடு என்பது விடிந்த பிறகுதான் உறைத்தது. வாயில் வராததை எழுதிவிடுகிறேன்.

நீ கேட்க நினைத்து, கேட்காமல் விட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நிறுத்து. "தகுதிப் போட்டிக்கு இன்னும் ஆறு வாரம்தானே, அதை முடித்துவிட்டு நிறுத்தக்கூடாதா?" என்று நான் கேட்பேன் என எதிர்பார்த்து நீ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அந்தக் கேள்வி என் நாக்கு நுனிவரை வந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. ஆனால் பயிற்சிக்குப் போகும் ஒவ்வொரு விடியற்காலையிலும் வண்டியை நிறுத்திவிட்டு, கதவைத் திறக்கக் கை வராமல் இருபது நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன் என்று நீ சொன்ன பிறகு, ஆறு வாரம் என்பது எத்தனை இருபது நிமிடங்கள் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"நேரம் ஒன்றும் குறையவில்லையே அப்பா, யார் நம்புவார்கள்?" என்று கேட்டாய். இது உன் ஒருத்தியின் பயம் இல்லை. 2019 அக்டோபரில் இலங்கை அணிக்கு எதிரான இருபது ஓவர் போட்டியில் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் கிளென் மேக்ஸ்வெல் 28 பந்துகளில் 62 ரன் அடித்தார். பார்த்தவர்கள் அவர் உச்சத்தில் இருப்பதாகவே நினைத்திருப்பார்கள். சில நாட்களுக்குள் மனநலம் கருதி கிரிக்கெட்டிலிருந்து விலகியிருக்கப்போவதாக அறிவித்தார். டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா, 2018இல் அமெரிக்க ஓப்பனை வென்றதிலிருந்தே நீண்ட மனச்சோர்வுக் காலங்களைக் கடந்து வந்ததாக எழுதினார். தோற்றதிலிருந்து அல்ல, வென்றதிலிருந்து. 28 ஒலிம்பிக் பதக்கங்கள் வாங்கிய நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ், ஒவ்வொரு ஒலிம்பிக்கும் முடிந்த பிறகு மனச்சோர்வில் விழுந்ததைச் சொல்லியிருக்கிறார். பலகையில் தெரியும் எண்ணுக்கும் உள்ளே நடப்பதற்கும் நேர்த்தொடர்பு இருந்திருந்தால் பயிற்சியாளர்களுக்கும் அப்பாக்களுக்கும் வேலை மிகவும் எளிதாகியிருக்கும்.

ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸின் விஷயத்தில் அந்தத் தொடர்பு எல்லோருக்கும் தெரியும்படி அறுந்தது. டோக்கியோவில், 2021 ஜூலை 27 அன்று, அணிகளுக்கான இறுதிப் போட்டியில், ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாவும் வால்ட்டில் காற்றில் இரண்டரைச் சுற்று திருக வேண்டியவர் ஒன்றரைச் சுற்றோடு இறங்கினார். தன் உடல் காற்றில் எங்கே இருக்கிறது, தரை எந்தப் பக்கம் என்ற உணர்வே அந்தக் கணத்தில் அவரிடம் இல்லை. அதற்கு மேல் போயிருந்தால் கழுத்தில் இறங்கியிருக்கலாம். அத்தோடு அவர் அந்தப் போட்டியிலிருந்து விலகியதைப் பார்த்தபோது, சரியான முடிவு என்று நானே உன்னிடம் சொன்னேன், நினைவிருக்கிறதா? எனக்கு அது சுலபமாகப் புரிந்தது, ஏனென்றால் ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது. நீச்சல்காரிக்கு அப்படி நேர்ந்தால் என்ன தெரியும்? தலை தண்ணீருக்குள் இருக்கிறது. கண்ணாடி முகத்தின் பாதியை மறைத்துவிடுகிறது. கையும் காலும் பழக்கத்தால் தாமாக வேலை செய்கின்றன. உள்ளே ஆள் இல்லாமலே ஒருத்தி இருநூறு மீட்டரை நல்ல நேரத்தில் முடித்துவிடலாம் என்பதை நேற்றுதான் உன்னிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

இங்கே என் பங்கையும் சொல்லியாக வேண்டும். நீ ஒன்பது வயதில் முதன்முதலாகப் போட்டியில் நீந்தி சுவரைத் தொட்டுத் தலையை உயர்த்தியபோது, மேலே நின்றிருந்த நான் முதலில் பார்த்தது கையிலிருந்த ஸ்டாப்வாட்சைத்தான். உன் முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். நீயும் அதைக் கவனித்திருப்பாய் போலும், சில மாதங்களிலேயே சுவரைத் தொட்டதும் என் முகத்தைப் பார்த்து உன் நேரத்தைத் தெரிந்துகொள்ளப் பழகிவிட்டாய். பதினாறு வயதில் ஒரு போட்டிக்கு முன் உடைமாற்றும் அறைக்கு வெளியே நீ வாந்தியெடுத்துவிட்டு நடுங்கியபடி நின்றபோது, "எல்லாருக்கும் இருக்கிற பதற்றம்தான், மனவலிமை வேண்டும்" என்று சொல்லி உன் தொப்பியைச் சரிசெய்து அனுப்பினேன். அன்று நீ வென்றாய் என்பதால் நான் சொன்னது சரி என்று பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரணில் பதினொரு நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் உன் நேரங்களை இரண்டு தசம இடம்வரை எழுதி வைத்திருக்கிறேன். இன்று காலை ஒன்றை எடுத்துப் புரட்டியபோது எனக்கே சிரிப்பு வந்தது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ஆடம் பீட்டி நூறு மீட்டர் மார்பு நீச்சலில் 0.02 விநாடியில் தங்கத்தை இழந்தார். ஸ்டாப்வாட்சை அழுத்தும் என் கட்டைவிரல் தாமதிக்கும் நேரம் அதைவிடப் பல மடங்கு இருக்கும். நான் அவ்வளவு பக்தியோடு எழுதியவற்றில் கடைசி எண் எதுவும் உண்மையாக இருக்க வாய்ப்பில்லை.

பீட்டியைச் சொன்னதும் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மனநலத்துக்காக 2023இல் தன் நாட்டுச் சாம்பியன்ஷிப் போட்டியிலிருந்து விலகியவர் அவர். "ஓய்வெடுத்தார், மீண்டார், பதக்கம் வென்றார்" என்று இத்தகைய கதைகளைப் பத்திரிகைகள் ஒரே அச்சில் வார்த்து எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. அப்படி எழுதினால் ஓய்வும் இன்னொரு பயிற்சி முகாமாகிவிடுகிறது. பதக்கத்தோடு திரும்பாதவர் ஓய்வையும் சரியாக எடுக்கத் தெரியாதவர் என்றாகிவிடுகிறது. டோக்கியோவில் ஐந்து தங்கம் வென்ற அமெரிக்க நீச்சல் வீரர் கேலப் டிரெஸல், 2022இல் புடாபெஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப்பின் நடுவிலேயே விலகிப் பல மாதங்கள் குளத்தை விட்டு விலகியிருந்தார். திரும்பிய அடுத்த ஆண்டு உலகச் சாம்பியன்ஷிப் அணியில்கூட இடம் கிடைக்கவில்லை. பாரிஸில் தொடர் நீச்சலில் தங்கம் வந்தது, தனிப் போட்டியில் ஒன்றும் வரவில்லை. அவர் எடுத்த ஓய்வு பலித்ததா இல்லையா என்று அந்தப் பதக்கப் பட்டியலைப் பார்த்து எவரும் சொல்ல முடியாது என்பதுதான் என் எண்ணம்.

இங்கிலாந்துக் கிரிக்கெட் வீரர் மார்கஸ் டிரெஸ்கோதிக்கின் கதையை நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். 2006இல் இந்தியச் சுற்றுப்பயணத்தின் நடுவே வீடு திரும்பியதற்குக் கிருமித் தொற்று என்று பின்னர் காரணம் சொன்னார். மனச்சோர்வு என்று சொல்ல அன்று நா எழவில்லை. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்தும் திரும்பினார். 2008இல் சர்வதேசக் கிரிக்கெட்டை விட்டார், ஆனால் கிரிக்கெட்டை விடவில்லை. சோமர்செட் அணிக்காக 2019வரை ஆடினார். அவரை நோயாளியாக்கியது மட்டையும் பந்தும் அல்ல, வீட்டைப் பிரிந்து மாதக்கணக்கில் விடுதி அறைகளில் கிடப்பது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் வெட்டி எறிந்தார். ஆஷ்லி பார்ட்டி 2014இல் டென்னிஸை விட்டுவிட்டு ஒரு பருவம் தொழில்முறைக் கிரிக்கெட் ஆடினார். திரும்பி வந்து விம்பிள்டன் உட்பட மூன்று பெரும் பட்டங்கள் வென்று, 2022இல் உலகின் முதலிடத்தில் இருக்கும்போதே, 25 வயதில், ஒரேயடியாக விலகினார். உன் வயது. உன்னை நோகச் செய்வது தண்ணீரா, போட்டியா, அந்த ஊரா, விடியற்காலை நாலரை மணியா, அல்லது நானா என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த அவகாசம்.

நம் மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஓய்வு "எடுப்பதற்கும்" ஓய்வு "பெறுவதற்கும்" பெயர்ச்சொல் ஒன்றுதான். நீ எடுக்கிறாய் என்று நான் சொன்னால், பெற்றுவிட்டாய் என்றுதான் உறவினர்கள் காதில் விழும். அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நீச்சல் சங்கத்துக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் இந்த வேறுபாட்டை மிகக் கவனமாகக் காப்பாற்று. நீ ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் இருக்கிறாய். ஓய்வு பெற்றதாக எழுதிக்கொடுத்துவிட்டுப் பின்னால் மனம் மாறினால், ஆறு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்துச் சோதனைக்கும் உட்பட்ட பிறகே போட்டியில் இறங்க முடியும். விலகியிருப்பதாக மட்டும் எழுதினாலோ, தினமும் 60 நிமிடம் எங்கே இருப்பாய் என்று பதிவு செய்யும் அந்தத் தொல்லை தொடரும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை தவறினால் விதிமீறல். படுக்கையை விட்டு எழவே முடியாத நாட்களில் இதை யார் நினைவு வைத்திருப்பார்கள்? பதிவு செய்யும் வேலையை உன் சார்பில் நான் செய்ய விதி அனுமதிக்கிறதா என்று கேட்டுப் பார். அந்த அளவுக்கு உருப்படியாக ஏதாவது செய்ய எனக்கும் ஆசை.

சங்கத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. மருத்துவக் காரணத்தால் விலகியிருக்கிறேன் என்ற ஒரு வரியும் மருத்துவரின் சான்றும் போதும். 2021 பிரெஞ்சு ஓப்பனில், செய்தியாளர் சந்திப்புக்கு வரமாட்டேன் என்றதற்காக ஒசாகாவுக்கு 15,000 டாலர் அபராதம் விதித்தார்கள். அடுத்த நாளே போட்டியை விட்டு விலகியபோதுதான் அவர் தன் மனச்சோர்வை உலகத்துக்குச் சொல்ல நேர்ந்தது. உன் நோயை யாரிடம், எப்போது சொல்வது என்பதை நீ முடிவு செய். "எப்போது திரும்புகிறாய்?" என்று கேட்பவர்களுக்குத் தேதி எதுவும் கொடுத்துவிடாதே, எனக்கும்தான்.

மருந்தைப் பற்றிப் பயந்தாய். மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைகள் தடைப்பட்டியலில் இல்லை. கவனக்குறைபாட்டுக்குத் தரும் தூண்டுமருந்துகள் போன்ற சிலவற்றுக்கு முன்னனுமதி வேண்டும். ஆகவே முதல் சந்திப்பிலேயே நீ எந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவள் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடு, பட்டியலைப் பார்த்து எழுதித் தருவார். உடல் மறந்துவிடும் என்ற பயமும் உனக்கு இருக்கிறது. மூச்சுத்திறன் சில வாரங்களிலேயே குறையும், அது உண்மை. தசைவலிமை மெதுவாகக் குறையும், பயிற்சியைத் தொடங்கினால் முதல்முறை வளர்ந்ததைவிட வேகமாகத் திரும்பும். தண்ணீரைக் கையில் பிடிக்கும் அந்த உணர்வைப் பற்றி எனக்குத் தெரியாது, அது உனக்குத்தான் தெரியும்.

விலகியிருப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று உன்னை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. ஒன்பது வயதிலிருந்து உன் நாளை மணிமணியாக வகுத்துக் கொடுத்தது குளம். தோழிகள் அங்கே, களைப்பு அங்கே, "நீ யார்" என்று யாராவது கேட்டால் சொல்வதற்கான பதிலும் அங்கே. அதை எடுத்துவிட்டால் முதல் சில வாரங்கள் முன்பைவிட மோசமாகவும் இருக்கலாம். அப்போது, தவறான முடிவெடுத்துவிட்டேன் என்று தோன்றும். அதை நம்பி மறுநாளே குளத்துக்கு ஓடிவிடாதே. வாரம் ஒருமுறை மனநல மருத்துவரிடம் பேசு, தூங்கு, நடக்க வேண்டும் போலிருந்தால் நட, எத்தனை கிலோமீட்டர் என்று அளக்காதே.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். நேற்று பேச்சோடு பேச்சாக, "விடியாமலே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று சில ராத்திரி தோன்றுகிறது" என்றாய். பயிற்சிக்குப் போக வேண்டாம் என்ற பொருளில் சொன்னாயா, அல்லது உயிரோடு இருக்க வேண்டாம் என்ற பொருளிலா? இதை நேராகக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்; அதனால் துணிந்து கேட்கிறேன். இரண்டாவது பொருள் என்றால் இந்தக் கடிதத்தை முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல் என்னை அழை, எந்த நேரமானாலும் சரி. உன் அறைத் தோழியையும் எழுப்பு. முதல் பொருள்தான் என்றாலும் அதை நீயே சொல்லி நான் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வருவதா அங்கேயே இருப்பதா என்பது உன் விருப்பம். வந்தால் உன் அறை இருக்கிறது. சுவரில் மாட்டியிருந்த பதக்கங்களைக் கழற்றுவதா வேண்டாமா என்று உன் அம்மாவுக்கும் எனக்கும் காலையிலிருந்து வாக்குவாதம், அதை நீ வந்து தீர்த்து வை. ஞாயிற்றுக்கிழமை இரவு அழைக்கிறேன். நீச்சலைப் பற்றிக் கேட்கமாட்டேன். வேறென்ன கேட்பது என்று இப்போதிருந்தே யோசித்துக்கொண்டிருக்கிறேன், ஆகையால் நடுநடுவே நான் பேசாமல் இருந்தாலும் பொறுத்துக்கொள். பேச மனமில்லை என்றால் எடுக்க வேண்டாம். செல்பேசியில் ஒரு புள்ளி மட்டும் வைத்து அனுப்பு. பார்த்துவிட்டுத் தூங்கப் போவேன்.

அன்புடன்,
அப்பா