‘பழுது’ என்று எழுதுமுன் பெற்றோலை மாற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டப் பாடசாலைகளுக்கும் கோயில்களுக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் அன்பளிப்பாகக் கிடைக்கும் புல் வெட்டும் மெஷின்கள் ஓரிரு வருடத்திலேயே பொருட்பதிவேட்டில் ‘பழுது’ என்று ஏறிவிடுகின்றன. ஹட்டனில் சிறிய எஞ்சின்கள் திருத்துவது என் தொழில். பழைய இரும்புக்குப் போடுமுன் எதற்கும் ஒருதரம் காட்டிவிடலாம் என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலானவற்றில் உடைந்தது எதுவும் இல்லை. உள்ளே கிடந்த பெற்றோல்தான் கெட்டிருக்கிறது.

முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்காக மைதானத்தை வெட்டுகிறார்கள். போட்டி முடிந்ததும் அடியில் ஒட்டிய ஈரப்புல்லோடும் அரைத் தாங்கி பெற்றோலோடும் மெஷின் களஞ்சிய அறைக்குள் போகிறது. மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை இங்கே தரை காயாது. அப்புறம் ஐப்பசி மழை. தை பிறந்து வெளியே எடுத்துக் கயிற்றை இழுத்தால் எப்படி ஸ்டார்ட் ஆகும்? பெற்றோல் ஒரு மாதத்திலேயே பழசாகத் தொடங்கும். லேசான பகுதி ஆவியாகிப் போக, மிஞ்சுவது, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டருக்குள் பிசினாகப் படியும். பெற்றோல் போகிற ஜெட் துவாரமோ ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. போதாததற்கு, பாதி காலியான தாங்கிக்குள் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கிவிடும்.

ஒரு மெஷின் முடங்கினால் குடியா முழுகிப்போகும் என்று கேட்கலாம். முடங்கியதும் சிரமதானம் வைக்கிறார்கள். கொழுந்தெடுக்கும் தாய்மார் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, இழந்து, கத்தியோடு வந்து மைதானத்தில் குனிந்து நிற்கிறார்கள். மெஷின் பக்கத்து அறையில்தான் இருக்கிறது.

எடுத்து வைக்கிற வேலை பெரிதில்லை. மீதிப் பெற்றோலை வடித்து, எஞ்சினை ஓடவிட்டு, அது தானாக நிற்கும்வரை விடவேண்டும். காபரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு திருகாணி இருந்தால் அதையும் தளர்த்தி மிச்சத்தை வடித்துவிடுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய ஒயிலை மாற்றலாம். தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, பிளக்கைத் திரும்பப் பூட்டிக் கயிற்றை மெதுவாக இழுத்து, கை பாரமாக உணரும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே வால்வுகள் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டும்போது பிளக் வயர் கழன்றே இருக்கட்டும். கத்தியைக் கையால் சுற்றினால்கூட எஞ்சின் பிடித்துக்கொள்ளலாம். சாய்க்கும்போது காபரேட்டர் பக்கம் மேலே இருக்கவேண்டும். மாறிச் சாய்த்தால் ஒயில் எயார் பில்டருக்குள் இறங்கிவிடும். பிறகு ‘புகை புகையாக வருது பாஸ்’ என்று என்னிடம் வருவீர்கள்.

ஸ்டார்ட் ஆகாவிட்டால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பலமுறை இழுத்தும் அது காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை: தாங்கியின் திறப்பு, குழாய், காபரேட்டர் என்று தேடவேண்டும். நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது. தீப்பொறி இல்லை, அல்லது காற்றை அடைக்கும் சோக்கைத் திறக்க மறந்து இழுத்து இழுத்து உள்ளே பெற்றோல் வெள்ளமாகிவிட்டது. கொஞ்ச நேரம் ஓடி நின்று, ஆறவிட்டால் மறுபடி ஓடும் மெஷினுக்குத் தாங்கி மூடியைத் தளர்த்திப் பாருங்கள். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம். இதற்கெல்லாம் மெக்கானிக் தேவையில்லை. இப்படிச் சொல்வதால் எனக்கு வருமானம் குறையுமே என்று வீட்டில் கேட்கிறார்கள், சரிதான்.

நம் மைதானங்களுக்கே உரிய வியாதி ஒன்றும் உண்டு. மலையை வெட்டிச் சமப்படுத்திய நிலம், மழை ஒவ்வொரு முறையும் புதுக் கல்லை மேலே கொண்டுவருகிறது. ஓடுகிற கத்தி கல்லில் மோதி எஞ்சின் திடீரென்று நின்றால், மேலேயுள்ள பிளைவீல் என்ற சுழல் சக்கரத்துக்கும் கத்தியைச் சுற்றும் தண்டுக்கும் இடையிலுள்ள சின்ன உலோகச் சாவி நசுங்கிவிடும். தண்டு தப்பவேண்டும் என்பதற்காகவே பல மெஷின்களில் அதை மிருதுவான உலோகத்தில் செய்கிறார்கள். அது நசுங்கினால் தீப்பொறி நேரம் தவறி வரும். கயிறு கையைப் பிடுங்கும், அல்லது வெடி மாதிரிச் சத்தம் வரும், எஞ்சின் பிடிக்காது. பெற்றோலும் பிளக்கும் சரியாக இருப்பதால், ‘எஞ்சின் போச்சு’ என்று எழுதிவிடுகிறார்கள். போனது அந்தச் சாவி மட்டும்தான். தண்டு வளையவில்லை என்று பார்த்துக்கொண்டு புதியதைப் போட்டால் போதும். வெட்டுமுன் பிள்ளைகளை வரிசையாக நடக்கவிட்டுக் கல் பொறுக்கினால் அதுவும் வேண்டாம்.

நுவரெலியாப் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்று. 1,868 மீற்றர் உயரத்தில் காற்று லேசு. எஞ்சின் உயரத்தில் 300 மீற்றருக்கு ஏறக்குறைய மூன்றரை வீதம் சக்தி இழக்கும், ஆக அங்கே ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. காற்றுக் குறைவதால் பெற்றோல் விகிதம் கூடிக் கறுப்புப் புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும். பழுது என்று நினைத்துக் கண்ட திருகாணியையும் திருகாதீர்கள். உயரமான இடத்துக்கென்று சிறிய ஜெட் இருக்கிறது. அதைப் போடும்வரை புல்லைக் கொஞ்சம் உயரமாக விட்டு, மெதுவாகத் தள்ளி வெட்டுங்கள்.

மெஷினையோ பெற்றோல் கானையோ லயத்து வீட்டுக்குள் வைப்பதை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன். 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் பிடித்த பழக்கம் சிலரை இன்னும் விடவில்லை. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி விறகடுப்பு வரை போகும். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் அடுப்பு பக்கத்து வீட்டிலும் எரியும்.

அன்பளிப்புச் செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மெஷினோடு வரும் புத்தகத்தில் பெரும்பாலும் தமிழ் இருப்பதில்லை. மேலே சொன்னதைத் தமிழில் ஒரு தாளில் அடித்து, பாடசாலைக் காவலாளியையோ உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு மாணவர் இருவரையோ ஒரு பொழுது நிற்கவைத்துக் காட்டிக்கொடுங்கள். மாலைக்கும் பதாகைக்கும் ஆகும் காசில் ஒரு மாற்றுப் பிளக்கும் அந்தச் சாவியும் வாங்கலாம். முக்கியமாக, பெட்டியில் வரும் புது மெஷின்களில் எஞ்சின் ஒயில் பெரும்பாலும் இருக்காது, நாம்தான் ஊற்றவேண்டும். கையளிப்பு விழாவில் அதிபர் கயிற்றை இழுத்துப் படம் எடுக்குமுன், யாராவது ஒருவர் ஒயில் கம்பியை வெளியே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சிறு எஞ்சின் திருத்துநர் ஒருவர்,
ஹட்டன்.