கயலுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து

அன்புள்ள கயல்,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நான்கு ஞாயிற்றுக்கிழமையாக உன் போன் வரவில்லை. வேலை மும்முரமாக இருக்கும். அதைக் கேட்க எழுதவில்லை, மாடியில் போட்ட சோலாரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. போனில் வரும் ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே. எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் சொல்லாதே.

சோலார் நிறுவனத்திலிருந்து வந்த பையன், "பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஐயா, இனி கரன்ட் பில்லே வராது" என்றான். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றான். அது உண்மைதான். ஆனால் வரும் மின்சாரத்தையும் போகும் மின்சாரத்தையும் தனித்தனியே எண்ணும் நெட் மீட்டரைப் பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகே மானியம் கிடைக்கும். அந்த மீட்டருக்கு விண்ணப்பிப்பது தங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதிய நிறுவனம், விண்ணப்பிக்கவே இல்லை.

இரண்டு மாதத்துக்கு 420 யூனிட், 1,300 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம். சோலார் போட்ட பிறகு 740 யூனிட், 4,300 ரூபாய்! கேட்டால், "ஏ.சி. அதிகம் ஓடியிருக்கும்" என்கிறார்கள். நம் வீட்டில் ஏது ஏ.சி.?

போன வாரம் உச்சி வெயிலில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, படிக்கட்டுக்குக் கீழே மீட்டர் முன்னால் நின்றேன். மீட்டர் எண்ணும்போது மின்னுமே, அந்தச் சிவப்புப் பொட்டு மின்னிக்கொண்டே இருந்தது. மாடியில் அம்மா சோலார் சுவிட்சை இறக்கினாள், நின்றது. ஏற்றினாள், மறுபடியும் மின்னியது. நாம் வெளியே அனுப்பிய மின்சாரத்தையும் நாம் செலவழித்ததாகவே பழைய மீட்டர் எண்ணியிருக்கிறது. முப்பது வருடம் ஆலையில் வயரிங் பார்த்தவன் நான். முதல் பில்லிலேயே இது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எட்டாவது படிக்கும்போதே ரேஷன் கடையில் எடை குறைகிறது என்று நின்று கேட்டவள் நீ. தெருவே இன்னும் அதைச் சொல்கிறது. நீயாவது, "எதற்கப்பா ஓ.டி.பி.?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இல்லை, உன்னைச் சொல்லக் கூடாது. ஜனவரியில் கேஸ் பதிவுக்கு என்று சொல்லி வாங்கினேனே, அது கேஸுக்கு இல்லை. என் பென்ஷனுக்குச் சோலார் கடன் கிடைக்காது, மகளை இணை விண்ணப்பதாரராகப் போடலாம் என்றான் அந்தப் பையன். பீரோவிலிருந்த உன் பான் அட்டை நகலை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பெண் புனேயில் நல்ல சம்பளத்தில் இருக்கிறாள் என்று பெருமையாகவும் சொன்னேன். ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். பிறகு பில் ஏறியதில் இரண்டு தவணை நின்றுவிட்டது. நீ வீட்டுக் கடன் கேட்டிருப்பதாகச் செல்வி சொன்னாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. உன்னிடம் பொய் சொன்னேன் கயல்.

அம்மாவின் சீட்டுப் பணத்தில் நேற்று இரண்டு தவணையையும் கட்டிவிட்டேன். ரசீது இத்துடன் இருக்கிறது. சோலார் சுவிட்சை இறக்கியே வைத்திருக்கிறேன். மீட்டரைச் சோதிக்க மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. நிறுவனத்தின் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் கொடுத்தால் போதும்.

மனுவில் உன் கையெழுத்தும் வேண்டும். நான்கு பக்கம் இருக்கிறது. அப்பா எழுதியதுதானே என்று போட்டுவிடாதே, ஒவ்வொரு பக்கமாகப் படி. புரியாத இடம் இருந்தால் போன் செய், எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அப்பா