தோள் பேட்சுகளைப் பற்றி மாமாவுக்கு

போர்ட்லாந்து, ஒரிகான்.

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் நலம். கிருஷ்ணகிரியில் நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

கந்தல் துணிக்கு நான் டாலர் டாலராகக் கொட்டுவதாக அம்மா சொன்னது உண்மைதானா என்று கேட்டிருந்தீர்கள். உண்மைதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்கரையைக் காத்த பீரங்கிப் படையினர் தோளில் தைத்திருந்த பேட்சுகளையே, அதாவது படைச் சின்னம் பூவேலை செய்த துணித் துண்டுகளையே, சேர்த்து வருகிறேன். 1907இல் தனிப் பிரிவாக்கப்பட்ட அந்தப் படை 1950இல் கலைக்கப்பட்டுவிட்டது. இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில், கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் இடத்தில், அவர்கள் காவல் இருந்த ஸ்டீவன்ஸ் கோட்டை உள்ளது. 1942 ஜூன் 21 இரவு ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அதை நோக்கி 17 குண்டுகள் சுட்டது. எம்டன் 1914இல் சென்னையைச் சுட்டுவிட்டுப் போன கதையை நாம் அறிவோம். இங்கு நடந்தது அதைவிட விசித்திரம். இருப்பிடம் எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று தளபதி தடுத்துவிட்டதால், கோட்டைப் பீரங்கிகள் ஒருமுறைகூடத் திருப்பிச் சுடவில்லை.

பழம்பொருள் சந்தைகளில் போலிகள் ஏராளம். நம்மூர் மண்டியில் மாம்பழத்தைத் திருப்பிக் காம்பைப் பார்ப்பது போல, இங்கு பேட்சைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். போர்க்காலத்துப் பேட்சு பெரும்பாலும் பருத்தி நூலால் பூவேலை செய்து, ஓரம் ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். தடித்த கயிறு போல ஓரம் அடித்தது பரவலானது பிற்காலத்தில்தான். புற ஊதா விளக்கில் காட்டினால் பழைய பருத்தி மங்கலாகவே கிடக்கும், புதிய நூல் பளீரென ஒளிரும். ஆனால் இக்காலச் சலவைத் தூளில் ஒருமுறை அலசிவிட்டால் அசலும் ஒளிரும் என்பதால், அந்தச் சோதனையை மட்டும் நம்பி நான் எதையும் ஒதுக்குவதில்லை. தைக்கப்படாத புதுப் பேட்சுக்கே இங்குள்ளவர்கள் அதிக விலை தருகிறார்கள். எனக்கோ, சட்டையிலிருந்து பிரித்த தையல் நூல் ஓரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் பிடிக்கும். யாரோ ஒருவர் அதை அணிந்து குளிரில் விடிய விடியக் கடலைப் பார்த்து நின்றிருக்கிறார் அல்லவா?

போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது, மெட்ராஸ் ரெஜிமெண்டில் நீங்கள் அணிந்த சீருடையை அத்தை நெருப்பில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துவைக்கவும் வேண்டாம், தோள் சின்னத்தைப் பிரிக்காமல், பழைய வேட்டியில் சுற்றி இரும்புப் பெட்டியிலேயே வைத்திருங்கள். ஆடியில் வரும்போது நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்,
செந்தில்