கான்ஸ்ட் பற்றி மாப்ளைக்கு

கிருஷ்ணகிரி

மாப்ள,

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. ஸ்லேட்டு ஓசூரில் வீடு மாறிவிட்டான், இந்த முறையும் நம்மைக் கூப்பிடாமலேயே பால் காய்ச்சிவிட்டான். விசாரிப்பு இத்தோடு போதும்.

‘மெம்பர் ஃபங்ஷனுக்குக் கான்ஸ்ட் போடுவதெல்லாம் அழகுக்கு’ என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாயே, அதற்குப் பதில் சொல்லாமல் எனக்கு ஆறவில்லை. ஆப்ஜெக்டுக்குச் சொந்தமான ஃபங்ஷன் அந்த ஆப்ஜெக்டை மாற்றாது என்று, புரோகிராமை மொழிபெயர்த்துப் பிழை பார்க்கும் கம்பைலருக்கு நாம் கொடுக்கும் வாக்கல்லவா கான்ஸ்ட்!

இங்கே ஒரு மாங்கூழ் ஆலையின் இருப்புக் கணக்கு புரோகிராமைச் சரிசெய்து கொண்டிருக்கிறேன். சி பிளஸ் பிளஸ்ஸில் யாரோ எழுதி வைத்துவிட்டுப் போனது. ரிப்போர்ட் எடுக்க எடுக்க அதில் புது ரகங்கள் முளைக்கின்றன, பூஜ்ஜியம் கிலோவோடு! நோண்டிப் பார்த்தால், இருப்பைச் சொல்ல வேண்டிய ஃபங்ஷன் மேப்பில், அதாவது பெயருக்கு எதிரே அளவை வைக்கும் பட்டியலில், சதுர அடைப்புக்குறி போட்டுத் தேடுகிறது. கேட்ட பெயர் அங்கே இல்லையென்றால் மேப் அதைத் தானே உருவாக்கி வைத்துவிடும். ‘செந்தூரா’வை ஒருவர் ‘செந்தூரம்’ என்று அடித்தால் போதும், ஒரே பழத்துக்கு இரண்டு வரி. அந்த ஃபங்ஷனுக்குக் கான்ஸ்ட் போட்டிருந்தால் கம்பைலர் அன்றைக்கே மறுத்திருக்கும். மேப்பின் அந்தச் சதுர அடைப்புக்குறி ஆபரேட்டருக்குக் கான்ஸ்ட் வடிவமே கிடையாது. எழுதியவர், புதிதாக எதையும் உருவாக்காமல் தேடும் ஃபைண்டுக்கோ அட்டுக்கோ போயிருப்பார்.

இதுவா அழகு? கான்ஸ்ட் ஃபங்ஷனுக்குள் திஸ் என்பது கான்ஸ்ட் ஆப்ஜெக்டைக் காட்டும் பாயின்டர், அதாவது அதன் முகவரி. ஆப்ஜெக்டின் உறுப்புகளில் கைவைக்க விடாது, கான்ஸ்ட் இல்லாத இன்னொரு மெம்பர் ஃபங்ஷனையும் கூப்பிட விடாது. அதனால்தான் கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், ஓரிடத்தில் போட்டதும் வரிசையாகப் பிழை கொட்டும். உன் டீம் அதைப் பார்த்துத்தானே வெறுத்தது? முதல் நாளிலிருந்தே போட வேண்டும் மாப்ள. ரஸ்ட் மொழி பழகுகிற நம்ம குண்டு, தன் மொழியில் மாற்றத்தான் மியூட் எழுத வேண்டும் என்று பீற்றிக்கொள்கிறான். பீற்றிக்கொள்ளட்டும், நியாயம்தான். நம் மொழியில் மாறாததற்குத்தான் எழுதியாக வேண்டும்.

உன் பேச்சிலும் ஒரு உண்மை உண்டு. உறுப்பு பாயின்டராக இருந்தால், அது காட்டும் இடத்தில் உள்ளதைக் கான்ஸ்ட் ஃபங்ஷனுக்குள்ளிருந்தே மாற்றலாம். கம்பைலர் வாயே திறக்காது. அங்கே நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் என்னை உறுத்துவது மியூட்டபிள், கான்ஸ்ட் ஃபங்ஷனுக்குள்ளும் ஓர் உறுப்பை மாற்ற விடும் சொல். ஒருமுறை கூட்டிய மொத்தத்தை அதில் வைத்துக்கொள்வது தப்பில்லை, வெளியிலிருந்து பார்க்க எதுவும் மாறவில்லை. ஆனால் 2011 தரத்திலிருந்து, ஒரே ஆப்ஜெக்டின் கான்ஸ்ட் ஃபங்ஷன்களைப் பல த்ரெட்கள், அதாவது ஒரே புரோகிராமுக்குள் கூடவே ஓடும் வேலைகள், ஒரே நேரத்தில் கூப்பிட்டாலும் ஆபத்தில்லை என்று ஸ்டாண்டர்ட் லைப்ரரி நம்புகிறது. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் லாக் இல்லாத மியூட்டபிள் அந்த நம்பிக்கையைக் கெடுக்கும். இந்த ஆலையில் எடைமேடைத் திரை ஒரு த்ரெட், ரிப்போர்ட் இன்னொன்று. போச்சம்பள்ளிப் பக்கமிருந்து லோடு கொண்டுவருகிறவர் கண் எடுக்காமல் பார்த்து நிற்கும் எண் அது, அதை வைத்துத்தான் அவருக்குப் பணம். அது ஒரு நொடி தவறாகக் காட்டுவதைக்கூட என்னால் ஏற்க முடியாது. லாக்குக்கான மியூடெக்ஸ் ஒன்றையும் மியூட்டபிளாகவே வைத்து லாக் போட்டுவிட்டேன்.

உன் டீமின் ஹெட்டர் ஃபைல்களை அனுப்பு. எந்தெந்த ஃபங்ஷன் வெறுமனே படிக்கிறது, எது மாற்றுகிறது என்று குறித்துத் தருகிறேன், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். தர்மபுரிக்குப் போகும்போது இங்கே இறங்கு, நீலம் மாம்பழம் இன்னும் கிடைக்கிறது.

உன்,
மச்சான்