விசுவாசமும் டிபன் கேரியரும்

பாளையங்கோட்டை

அன்புள்ள கிரேஸ்,

கர்த்தருக்குள் அன்பின் வாழ்த்துதல். நீயும் வீட்டாரும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே இவருக்குச் சர்க்கரை வழக்கம்போல் ஏறி இறங்குகிறது. சிட்னியில் பேத்தி பேசத் தொடங்கிவிட்டாள், ஆனால் தமிழில் இல்லை. சம்பிரதாயம் இவ்வளவு போதும்.

உன் கடிதத்துக்கு ஏன் பதில் வரவில்லை என்று நீ என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். உன் மகனுக்கு வேலை போன செய்தியையும், "தேவனைச் சார்ந்திரு என்று சபையில் எல்லோரும் சொல்கிறார்கள், எப்படிச் சார்ந்திருப்பது என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை" என்ற உன் புலம்பலையும் வாசித்துவிட்டு, வசனங்களைப் பொறுக்கிப்போட்டு நான்கு பக்கப் பதில் ஒன்றை எழுதத் தொடங்கியிருந்தேன். அதை முடிப்பதற்குள் கொல்லைப்புறப் படியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடை பயின்று கொண்டிருக்கிறேன். பதறாதே, எலும்பு நன்றாகக் கூடி வருகிறது என்கிறார்கள். அந்த நான்கு பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அவற்றில் பிழையொன்றும் இல்லை; ஆனால் நிற்கத் தெரிந்தவள் எழுதியவை அவை.

யாருக்கு என்ன ஆனாலும் முதலில் குக்கரை ஏற்றுகிறவள் நான் என்பது உனக்குத் தெரியும். சாராள் தக்கர் விடுதியில் உனக்கு அம்மை போட்டபோது வார்டனுக்குத் தெரியாமல் இளநீர் கடத்திய காலத்திலிருந்தே எனக்கு அந்த வியாதி உண்டு. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வியாதியஸ்தரைச் சந்திக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. இப்படிப்பட்டவள் ஒரு நாள் காலையில் கட்டிலில் மல்லாந்து கிடக்க, தெருவில் டிபன் கேரியர்கள் வரத் தொடங்கின. இட்லி, இடியாப்பம், மறுபடியும் இட்லி. ஒருவரோடொருவர் பேசி முடிவு செய்திருந்தால் ஒரு நாளாவது தோசை கிடைத்திருக்கும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று என் அம்மா வளர்த்த வளர்ப்பு என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சீனியாவது போட்டு அனுப்புங்கள் என்று இவரிடம் கட்டிலிலிருந்தபடியே உத்தரவிட்டேன். பணிக்காலம் முழுவதும் தபால் பிரித்த கையல்லவா, அடியில் புள்ளிபுள்ளியாக வெட்டியிருந்த பெயர்களை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்து, பாத்திரங்களைத் தெருவாரியாகப் பிரித்து வரிசையாக அடுக்கி வைத்துவிட்டார். சீனிதான் தீர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு பாத்திரங்கள் வெறுமையாகவே போயின. ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது.

ஆமென் அத்தையும் வந்தார். காபி ஆறி ஆடை கட்டும்வரை ஜெபித்தார். எங்கள் தெருப் பெயரையும், கதவிலக்கத்தையும், எந்தக் காலில் முறிவு என்பதையும் ஆண்டவருக்கு விவரமாகத் தெரிவித்தார். நம் பழைய பழக்கப்படி நான் உன் பக்கம் திரும்பிச் சிரிக்கப் பார்த்தேன், நீ இல்லை.

ஆனால் இட்லியும் ஜெபமும் சுலபமானவை. பாடகர் குழுவுக்குக் கொயர் சேலை நீலமா மெரூனா என்ற வழக்கில் என்னோடு பேச்சை நிறுத்தியவள் இருக்கிறாளே, உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன், அவள்தான் தினமும் விடியற்காலையில் வந்தாள். பழைய சமாதானப் பேச்சு ஒன்றும் நடக்கவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையை என் முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் அடியில் கொடுத்து, "மூணு எண்ணுறேன், பாரத்தை எம்மேல போட்டுருங்க" என்று சொல்லி என்னைக் கழிப்பு நாற்காலிக்கு மாற்றுவாள். முதல் சில நாட்கள் நான் பாரத்தைப் போடவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்து என் பலத்திலேயே எழும்பப் பார்த்தேன். அப்படி எழும்பினால் வலி அதிகம், அவளுக்கும் முதுகு பிடிக்கும். பாதிப் பாரத்தைக் கொடுப்பதுதான் தூக்குகிறவருக்குப் பெரிய கஷ்டம் என்று பிசியோதெரபி செய்ய வந்த பையன் சொன்னான். நீ கேட்ட "எப்படி" என்பதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. தேவனைச் சார்ந்திருக்கிறேன் என்று ஆயுசு முழுக்கச் சொல்லிவந்தவளுக்கு, சார்வதென்றால் உடம்பு என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குப் பிடிக்காத ஒருத்தியின் கையில்தான் தெரிந்தது.

நம்மைத் தோனாவூருக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிப்போன மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவை அடக்கம் செய்த இடத்தில், பறவைகள் நீர் குடிக்கும் கல்தொட்டி ஒன்றைக் காட்டினார்கள். 1901 முதல் அவர் பிள்ளைகளை மீட்டு வளர்த்த கதையைக் கேட்டு நாம் அழுதோம். 1931-ல் அவர் விழுந்து அடிபட்டதையும், 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடங்களைப் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்ததையும் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். நாமும் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டோம். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்தவரை அந்த இருபது வருடமும் கவனித்துக்கொண்டவர்கள் அவர் வளர்த்த பிள்ளைகளும் உடன் ஊழியர்களும். அந்தப் படுக்கையிலிருந்து அவர் புத்தகங்கள் எழுதினார் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படுகிறது. எனக்கு இப்போது அந்தப் புத்தகங்களைவிட, காலையில் யார் வந்து தூக்குவார்கள் என்று அவர் காத்திருந்திருக்கக்கூடிய நேரத்தைப் பற்றித்தான் நினைக்கத் தோன்றுகிறது.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாமல் வாசி. மகனுக்கு வேலை போனதை உங்கள் சபையில் ஒருவருக்கும் சொல்லவில்லை என்றும், ஜார்ஜ் முல்லரைப்போல் ஜெபத்தில் மட்டும் தெரியப்படுத்தி வருகிறாய் என்றும் எழுதியிருந்தாய். முல்லர் பிரிஸ்டலில் 1836-ல் ஒரு வாடகை வீட்டில் தொடங்கி, மனிதரிடம் பணம் கேட்காமலேயே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அனாதைப் பிள்ளைகளைப் பராமரித்தார் என்பது உண்மை. அதே முல்லர், வந்த ஒவ்வொரு காசுக்கும் ரசீது கொடுத்து, கணக்கை அறிக்கையாக அச்சிட்டு ஊரறிய வெளியிட்டவர். அறிக்கையே ஒரு விண்ணப்பமாக ஆகிவிடக் கூடாது என்று, கையில் ஒன்றுமில்லாத சமயத்தில் அதைத் தள்ளிவைத்ததும் உண்டு, ஆனால் மறைத்துவைக்கவில்லை. தேவன் ஜெபத்துக்குப் பதில் தருகிறார் என்பதை மற்றவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவர் கேட்காமல் இருந்தார். நீ கேட்காமல் இருப்பது ஒருவரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம், கிரேஸ், ஆனால் உன்னுடையதற்குப் பெயர் கௌரவம். கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தில் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று ஒரு வசனமும், "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்று மூன்று வசனம் தள்ளி இன்னொன்றும் உண்டு. நம் வீடுகளில் பெண்பிள்ளைகள் இரண்டாவதை மட்டும்தான் மனப்பாடம் செய்து வளர்ந்தோம்.

கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனை நினைத்துப் பார். மாற்கு எழுதியதில் அவன் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டதாக இல்லை. நான்கு பேர் சுமந்து வந்தார்கள், அவர்கள் விசுவாசத்தைக் கண்டுதான் இயேசு பேசினார். உனக்கு ஜெபிக்க வரவில்லை என்றால் விட்டுவிடு. நாலு பேரிடம் சொல், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கன்வென்ஷன் மேடையில் நின்று, விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று கேட்கிற பிரசங்கியார்களைக் கேட்டு நீ குழம்பியிருப்பாயோ என்றும் எனக்குச் சந்தேகம். எலும்பில் பிளேட் வைத்த டாக்டரையும், எக்ஸ்ரே எடுத்த பெண்ணையும் விட்டுவிட்டு நான் சாட்சி சொல்வதாக இல்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, என் நித்திரையைக் கெடுப்பது எதுவோ அதைச் சொல்லாமல் முடித்தால் அது நேர்மையாகாது.

ஒரு மாலையில், ஆராதனையில் கடைசித் தூணோரம் உட்காரும் அம்மா ஒருவர் வந்தார். பீடி சுற்றிப் பிழைக்கிறவர். விரல்நுனியெல்லாம் புகையிலைக் கறை. தூக்குவாளியில் நொய்க் கஞ்சியும், கிண்ணத்தில் கானத் துவையலும் கொண்டுவந்திருந்தார். அன்றைக்குத்தான் நான் வயிறார உண்டேன். பேச்சுவாக்கில், போன வருடம் தமக்குக் கர்ப்பப்பை எடுத்தது என்றும், வீட்டில் ஆளில்லாததால் பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாதான் இரண்டு வாரம் சோறு கொடுத்தார் என்றும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. "ஆண்டவர் ஒருத்தர அனுப்பினாருல்லா டீச்சர்" என்றுதான் சொன்னார். நம் சபையிலிருந்து யார் வந்தார்கள் என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றி, துவையலில் உப்புப் போதுமா என்று கேட்டார்.

அவர் போனபின் இவரைவிட்டுச் சங்கத்து நோட்டை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். அவர் பெயர் இல்லை. ஏன் இல்லை என்பது விளங்க அதிக நேரம் ஆகவில்லை. சந்திப்புப் பட்டியலை வருடந்தோறும் சங்கக் காணிக்கைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் பெயர்த்தெழுதுகிறார்கள். எனக்கு முந்தினவர் அப்படிச் செய்தார், அவருக்கு முந்தினவரும் அப்படியே. காணிக்கை பாக்கி விழுந்தால் பதிவேட்டிலிருந்து பெயர் போகிறது. பதிவேட்டிலிருந்து போனால் பட்டியலிலிருந்தும் போகிறது. வருமானம் நின்றுபோன வீடுதான் முதலில் பாக்கி வைக்கும். அதாவது யாருக்கு டிபன் கேரியர் அவசியமோ, அவர்கள் பெயர்தான் முதலில் அழிகிறது. ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல, அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

அப்படியானால், எனக்கு வந்த இட்லியெல்லாம் எதற்காக வந்தது? நான் தேவனைச் சார்ந்ததற்காகவா, பல வருடம் டீச்சராகவும் சங்கப் பொறுப்பிலும் இருந்து சேர்த்துவைத்த செல்வாக்குக்காகவா? இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. சேலைக்காரியின் கையில் இருந்தது செல்வாக்குக்குக் கிடைத்த கூலி அல்ல என்று நிச்சயமாகச் சொல்வேன். மற்றதைப் பற்றி அவ்வளவு நிச்சயமில்லை. கேரீத் ஆறு வற்றியபின் எலியா அனுப்பப்பட்டது, பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும் மட்டுமே வைத்திருந்த சாறிபாத் விதவையிடம். அந்தப் பகுதியை எத்தனையோ முறை ஞாயிறு பள்ளியில் நடத்தியிருக்கிறேன். எலியாவைப் பற்றியே கேள்வி கேட்பேன். எலியா வருவதற்கு முன் அந்த விதவையிடம் யார் போனார்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த அம்மாவுக்கு ஆண்டவர் பக்கத்து வீட்டை அனுப்பினார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால் நாம் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதிலும் இல்லை.

வாக்கரோடு சங்கக் கமிட்டிக்குப் போய் இதைப் பேசினேன். பதிவேட்டில் இல்லாதவர்களை எல்லாம் சேர்த்தால் பட்டியலுக்கு முடிவே இருக்காது என்று பொருளாளர் அம்மா சொன்னார். சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆள்பலம் நம்மிடம் குறைவுதான். நான் திருநெல்வேலியில் ஊழியம் செய்த மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தைச் சொன்னேன். கிறிஸ்தவர்களானதற்காகச் சொந்த ஊரில் குடியிருக்க விடாமல் விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்ற 1830-ல் தருமசங்கம் வைத்தார்களே, அன்றைக்கு யாருடைய பெயர் பதிவேட்டில் இருந்தது என்று கேட்டேன். சரித்திரம் பேசினால் கமிட்டியில் ஒருவரும் மறுத்துப் பேசமாட்டார்கள், தீர்மானமும் எழுதமாட்டார்கள். இந்த முறையும் அப்படியே ஆயிற்று. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். ஆதரித்துப் பேசிய ஒரே ஆள் யார் என்று நினைக்கிறாய்? மெரூன் கட்சிக்காரி. பதிவேட்டை விட்டுவிட்டுத் தெருத்தெருவாகப் போய், அந்தந்தத் தெருவில் குடியிருக்கிற ஒருவரையே பொறுப்பாக வைத்துப் பட்டியல் எழுதலாம் என்றாள். இவர் அதற்குத் தபால் பீட் என்று பெயர் வைத்து, தாமே வரைபடம் போட உட்கார்ந்துவிட்டார்.

ஆகையால் எனக்கு உன்னிடமிருந்து ஒரு காரியம் ஆகவேண்டும். கோயம்புத்தூரில் உங்கள் சபையில் வியாதியஸ்தரைச் சந்திக்கிற பட்டியலை எதைப் பார்த்து எழுதுகிறீர்கள், காணிக்கை கட்டாதவர்கள் அதில் இருக்கிறார்களா, வாடகை வீட்டுக்காரர்கள் வீடு மாறினால் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று விசாரித்து எழுது. விசாரிக்கப் போகிற இடத்திலேயே மகன் விஷயத்தையும் சொல்லிவிடு. அடுத்த கமிட்டிக்கு முன் கடிதம் வந்து சேர வேண்டும். அதை எல்லோர் முன்னாலும் வாசிக்கப்போகிறேன், ஆகவே ஆமென் அத்தையைப் பற்றி எதுவும் எழுதவேண்டாம்.

என்றும் அன்புடன்,
உன் சுகந்தி