கழற்றி ஆட்டிப் பார்த்தேன், அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம் தொலைபேசியில் "துப்பாக்கி வாங்கியிருக்கிறேன்" என்றதும் நீங்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு "அம்மாவிடம் பேசு" என்று கொடுத்துவிட்டீர்கள். அம்மா கேட்ட ஒரே கேள்வி, "அங்கே அவ்வளவு பயமா?" என்பதுதான். பயமெல்லாம் ஒன்றும் இல்லை என்று அம்மாவுக்கு முதலில் வாசித்துக் காட்டிவிடுங்கள். மீதிக் கடிதம் உங்களுக்கு. முப்பது வருஷம் லேத் முன்னால் நின்றவருக்குத்தான் இது ருசிக்கும்.

இங்கிலாந்தில் நான் இருக்கும் ஷ்ராப்ஷயர் பகுதி, வேல்ஸ் எல்லையை ஒட்டிய மேட்டு நிலம். வந்த முதல் குளிர்காலத்தில் வேலை, மழை, அறை என்று மூன்றுக்குள் அடைந்து கிடந்தேன். நாலு மணிக்கே இருட்டிவிடும். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, கூட வேலை செய்யும் ஒரு பெண் ஒரு ஞாயிறு காலையில் தட்டுச் சுடும் மைதானத்துக்கு அழைத்துப் போனாள். தட்டு என்றால் சின்னக் கவிழ்த்த சாசர் மாதிரி, 11 சென்டிமீட்டர் அகலம். களிமண் தட்டு என்று பெயர்தான். இப்போது சுண்ணாம்புக்கல் பொடியையும் தாரையும் கலந்து வார்க்கிறார்கள். ஓர் இயந்திரம் அதை விசிறி எறியும். நாம் "புல்" என்று குரல் கொடுத்தால் எறிவார்கள். இழு என்று அர்த்தமாம். எனக்கு முதல் நாள் நம்முடைய புல்லாகத்தான் காதில் விழுந்தது. புல்தரையில் நின்றுகொண்டு எல்லாரும் ஏன் இப்படிப் புல், புல் என்று கத்துகிறார்கள் என்று விழித்தேன்.

ஒரு காலத்தில் உயிருள்ள புறாக்களைப் பெட்டியிலிருந்து திறந்துவிட்டுச் சுட்டார்களாம். பிறகு கண்ணாடி உருண்டைகள் வந்தன. 1880-இல் அமெரிக்காவில் லிகோவ்ஸ்கி என்பவர் இந்தத் தட்டைக் கண்டுபிடித்தார். பழைய பேச்சு மட்டும் போகவில்லை. "இன்று எத்தனை பறவை?" என்றுதான் இன்னமும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

அன்று எனக்குக் கொடுத்தது யாரோ உயரமான ஆளுக்குச் செய்த இரவல் துப்பாக்கி. இருபத்தைந்து தட்டில் மூன்று உடைந்தன. கன்னம் வீங்கியது, தோள் கன்றியது. ஆனால் அந்த மூன்றாவது தட்டு கரும்புகையாய்ச் சிதறியதைப் பார்த்தபோது, இங்கே வந்ததிலிருந்து முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த ஞாயிறும் போனேன். இப்படித்தான் ஆரம்பித்தது.

சொந்தமாக வாங்குவதற்குக் காவல்துறையின் சான்றிதழ் வேண்டும். ஐந்து வருஷத்துக்குச் செல்லும். என் உடல்நிலை, மனநிலை பற்றி மருத்துவரிடமிருந்து தகவல் வாங்கினார்கள். ஒருவர் வீட்டுக்கே வந்தார். சுவரில் போல்ட் போட்டு முடுக்கிய இரும்பு அலமாரியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். சாவி எங்கே இருக்கும், வேறு யாருக்குத் தெரியும் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். வேலைக்கு எடுத்தபோதுகூட என்னை இவ்வளவு கேட்கவில்லை. சாவி இருக்கும் இடம் உங்களுக்கும் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, இனி இரும்புக்கு வருகிறேன்.

முதலில் பார்க்கப் போனது ஒரு பழைய துப்பாக்கி. இரண்டு குழலும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் வகை. பூட்டுத் தகட்டில் கொடியும் பூவும் நுணுக்கமாகச் செதுக்கியிருந்தது. தோளில் வைக்கும் வால்நட் மரக் கட்டையில் தேன் நிறத்தில் ரேகை ஓடியது. விற்பவர் அந்தச் செதுக்கலைப் பற்றியே கால் மணி நேரம் பேசினார். எனக்கு நீங்கள் பழைய மோட்டார் பார்க்கும் விதம் ஞாபகம் வந்தது. பெயின்ட்டைப் பார்க்காதே, தண்டைப் பிடித்து ஆட்டிப் பார் என்பீர்களே. "முன்கட்டையைக் கழற்றலாமா?" என்று கேட்டேன். குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டை, குழல் மடங்கித் திறக்கும் கீலை இறுக்கி வைத்து ஆட்டத்தை மறைத்துவிடும். அதைக் கழற்றிவிட்டு, குழலை மூடி, கட்டையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினேன். டக், டக். பேரிங் போன சைக்கிள் சக்கரம்.

மேலே, குழலைத் திறக்கும் நெம்பு ஒன்று உண்டு. புதுத் துப்பாக்கியில் அது நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் நிற்கும். மூடிய குழலைப் பிடித்து வைக்கும் பூட்டு தேயத் தேய நடுவுக்கு வந்து, பிறகு இடப்பக்கம் தாண்டிப் போகும். இதில் நன்றாகவே இடப்பக்கம் போயிருந்தது. கடைசியாகக் குழல்களைத் தனியே எடுத்து, அடிக்கொக்கியில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, முட்டியால் தட்டினேன். இரண்டு குழலையும் இணைக்கும் பட்டை முழுதாகப் பற்றியிருந்தால் மணி போல் ஒலித்து நீள வேண்டும். இது விரிசல் விட்ட பானை மாதிரி ஒரு சத்தம் போட்டு அடங்கியது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த மனிதர் என்னை எப்படிப் பார்த்தார் என்பதை நேரில் நடித்துக் காட்டுகிறேன்.

தட்டுச் சுடுகிறவருக்கு ஏன் இந்த ஆட்டம் இவ்வளவு முக்கியம் என்றால், எண்ணிக்கை. ஒரு நாள் போனால் நூறு தோட்டா தீர்ந்துவிடும். வருஷத்தில் நாற்பது வாரம் போனால் நாலாயிரம். எப்போதாவது காட்டில் பறவைக்கு மட்டும் சுடுகிறவர் பத்து வருஷத்திலும் அவ்வளவு சுட மாட்டார். ஒவ்வொரு இரண்டு தோட்டாவுக்கும் ஒரு முறை திறந்து மூட வேண்டும். ஆக, தேய்வது குழலை விடக் கீலும் பூட்டும்தான். அழகுக்காகச் செய்த இலேசான வேட்டைத் துப்பாக்கியை இந்த வேலையில் போட்டு அடித்தால் அது தாங்காது. நாலு வருஷத்தில் தளர்ந்த பிறகு செய்தவனைத் திட்டுவது நியாயமில்லை.

அதனால் குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த வகைக்குப் போனேன். கீழ்க்குழல் முதலில் சுடும். அது தோளுக்கு நேராக உதைப்பதால் முனை அதிகம் எகிறாது, இரண்டாவது தட்டுக்குச் சீக்கிரம் திரும்பலாம். குறி பார்க்கவும் ஒரே குழல்தான் கண்ணில் படும். ஒரு குறை, தோட்டா போட அகலமாகத் திறக்க வேண்டும். இந்த அமைப்பைப் பெரிய அளவில் பரப்பியவர் ஜான் பிரௌனிங். பெல்ஜியத்தில் லியேஜ் பக்கம் தொழிற்சாலையில் இருந்தபோதே 1926-இல் இறந்துபோனார். அவருடைய மகன் மிச்ச வேலையை முடித்து, 1931 வாக்கில் விற்பனைக்கு வந்தது. தகப்பன் விட்ட வேலையைப் பிள்ளை முடித்த கதை என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன், உள்ளர்த்தம் ஏதும் இல்லை.

கடைசியில் நான் வாங்கியது பழைய பெரெட்டா ஒன்று. இத்தாலிக்காரர்கள். 1526-இல் வெனிஸ் ஆயுதச்சாலைக்கு 185 குழல் விற்ற ரசீது இன்னமும் அவர்களிடம் இருக்கிறது. குழலின் கறுப்புப் பூச்சு கைபட்ட இடத்தில் வெளுத்திருக்கிறது. கட்டையில் ஒரு வடு. செதுக்கல் ஏதோ கடமைக்குச் செய்தது போல இருக்கிறது. ஆனால் முன்கட்டை இல்லாமல் ஆட்டினேன், ஒரே துண்டு இரும்பு மாதிரி நின்றது. தட்டினேன், மணி.

உள்ளே திறந்து பார்த்தால் நீங்கள் மெச்சுவீர்கள். கீலுக்குக் குறுக்கே ஓடும் தண்டு கிடையாது. இரண்டு பக்கச் சுவரிலும் ஒவ்வொரு குட்டை முளை. தேய்ந்தால் அந்த முளைகளை மட்டும் எடுத்துவிட்டு ஓர் அளவு பெரியதைப் போடலாம், நீங்கள் புஷ் மாற்றுவது போல. பூட்டும் அப்படித்தான். கூம்பு வடிவில் இரண்டு ஊசிகள் முன்னால் வந்து மேல்குழலின் இரு தோளிலும் நுழைகின்றன. கூம்பு என்பதால் தேயத் தேய இன்னும் ஆழமாக நுழைந்து தானே ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறது. தேயாத துப்பாக்கி என்று எதுவும் இல்லை. எங்கே தேய வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து, அந்த இடத்தில் மாற்றக்கூடிய பாகத்தை வைத்திருக்கிறார்கள். உழைக்கும் என்றால் எனக்கு இதுதான்.

எடை மூன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வேட்டைக்குச் சுமந்து நடக்க மூன்று கிலோ போதும் என்பார்கள். ஆனால் இலேசான துப்பாக்கி பலமாக உதைக்கும். நூறு தோட்டா உதை வாங்கும் தோள் என்னுடையது. சுமக்கிறேன், பரவாயில்லை.

கட்டையை மட்டும் ஒரு துப்பாக்கி ஆசாரியிடம் கொடுத்து வெட்டினேன். இதில் பின்குறி என்று தனியாக ஒன்றும் இல்லை, நம் கண்தான் பின்குறி. கன்னம் சரியான இடத்தில் உட்காராவிட்டால் பார்க்கும் இடம் ஒன்று, தோட்டாவிலிருந்து சிதறும் ரவை போகும் இடம் ஒன்று. விசையிலிருந்து கட்டையின் அடிவரை 37 சென்டிமீட்டர் இருந்ததை 35 ஆக்கினார். கன்னம் படும் மேல்விளிம்பையும் சற்று உயர்த்தினார். அன்றிலிருந்து கன்னம் வீங்கவில்லை. இருபத்தைந்தில் பதினாறு, பதினேழு உடைகிறது. எவ்வளவு உயர்ந்த துப்பாக்கியானாலும் உடம்புக்குப் பொருந்தாவிட்டால் இரவல் செருப்புதான்.

குழலின் அடியில் சோதனை முத்திரைகள் இருக்கின்றன. குறித்த அழுத்தத்தை விட அதிகமான தோட்டாவைப் போட்டு வெடித்துப் பார்த்த பிறகு அடிக்கும் முத்திரை. பர்மிங்ஹாமில் இதற்கென்றே 1813-இல் தொடங்கிய சோதனைச் சாலை இன்றும் நடக்கிறது. என்னுடையதில் இருப்பது இத்தாலிய முத்திரை, இங்கும் செல்லும். கூடவே ஒரு சின்ன லில்லிப் பூ. அது எஃகு ரவைக்கும் சோதித்தது என்ற அடையாளம். காட்டு வாத்துக்கு ஈய ரவை போடுவதை இங்கே 1999-லேயே தடை செய்துவிட்டார்கள். தண்ணீரில் விழும் ஈயத்தைக் கொத்தித் தின்று பறவைகள் செத்தன. எஃகு, ஈயம் போல நசுங்காது. முனை ரொம்ப இறுகிய பழைய குழலில் அதைச் சுட்டால் குழல் புடைத்துவிடும்.

வேட்டைக்கு இதுவரை ஒரே ஒரு நாள்தான் போனேன். வேலியோரம் இருந்து ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழிச் சேவல்கள் படபடவென்று எழும்பின. ஏழு முறை சுட்டேன், ஏழும் காற்றுக்கு. எட்டாவது விழுந்தது. கையில் எடுத்தபோது சூடாக இருந்தது. அதைப் பற்றி என்ன எழுதுவதென்று இன்னும் எனக்குள்ளேயே முடிவாகவில்லை. கூட வந்த பெரியவர், முப்பத்தைந்து மீட்டருக்கு அப்பால் போனதைச் சுடாதே, அடிபட்டுத் தப்பினால் அது உன் பாவம் என்றார். தட்டுக்கு அந்தக் கவலை இல்லை. அதனால்தானோ என்னவோ எனக்குத் தட்டுத்தான் பிடித்திருக்கிறது.

அம்மாவின் பயத்துக்கு ஒரு வார்த்தை. குழலின் அளவை இங்கே போர் (bore) என்பார்கள், எண் கூடினால் குழல் சின்னது. என்னுடையது 12 போர். இதைவிடச் சின்னதான 20 போர் தோட்டாவைத் தவறிப் போட்டால் அது குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடும். அதற்காகத்தான் 20 போர் தோட்டாவை மஞ்சளில் செய்கிறார்கள். என் பையில் ஒரு மஞ்சளும் கிடையாது.

வேட்டைக்குப் போன அன்று முழுக்க மழை. வீட்டுக்கு வந்ததும் மூன்றாகக் கழற்றித் துடைத்து, இரவெல்லாம் காற்றாட வைத்தேன். ஈர உறையில் போட்டால் காலைக்குள் துரு பூத்துவிடும். கீலுக்கு ஒரு பொட்டு கிரீஸ். எண்ணெய் வழிந்து மரத்தில் ஊறாமல் இருக்க, அலமாரியில் முனை கீழே பார்க்க நிறுத்தியிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. முன்கட்டையில் ஒரு திருகு. முன்பு வைத்திருந்தவர் ஏதோ தடித்த திருப்புளியைப் போட்டு அதன் வாயைக் கிழித்திருக்கிறார். இந்தத் திருகுகளின் வெட்டு மிக மெல்லியது, கடையில் வாங்கும் திருப்புளி உள்ளே போவதில்லை. பட்டறை மூலையில் தேய்ந்த அரங்கள் கிடக்குமே, அதில் ஒன்றைச் சாணை பிடித்து ஒரு திருப்புளி செய்து வையுங்கள். வாய் 0.7 மில்லிமீட்டர் தடிமன், 8 மில்லிமீட்டர் அகலம். இரண்டு பக்கமும் சரிவில்லாமல் இணையாக இருக்க வேண்டும். சாணையில் சூடேற்றிப் பதத்தைப் போக்கிவிடாதீர்கள், இது நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரலில் வரும்போது எடுத்துக்கொள்கிறேன். பிடிக்கு மரம் நானே போட்டுக்கொள்கிறேன், கட்டையிலிருந்து வெட்டிய துண்டு பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்