செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஐந்து முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் கலைந்தது. மாணவர்களுக்கான மொட்டைமாடி வான்நோக்கல் வழக்கம்போல் நடந்தது. தேசிய அறிவியல் நாளுக்கு வினாடி வினா நடத்தினோம்.

அடுத்து, ஞாயிறு வாசிப்பு வரிசை. 'கோள் விட்டுக் கோள் உயிர் போகுமா?' என்ற தலைப்பு என் யோசனை. நட்சத்திரம் பார்க்கிற மன்றத்தில் கிருமிப் பாடம் எதற்கு என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியது என் கடமை. ஒரு கோளிலிருந்து தெறித்த கல்லுக்குள் இருந்தபடி நுண்ணுயிர் இன்னொரு கோளுக்குப் போயிருக்குமா என்பதுதான் கேள்வி.

பீகாரின் ஷெர்காட்டியில் 1865-இல் விழுந்த கல், செவ்வாயின் கல். செவ்வாயில் விண்கல் மோதினால் தெறிக்கும் பாறை நொடிக்கு 5 கி.மீ. வேகம் எடுத்தாலே அதன் ஈர்ப்பைத் தாண்டிவிடும். அண்டார்டிகாவில் 1984-இல் கிடைத்த ஏஎல்எச் 84001 என்ற கல்லின் உட்பகுதி, செவ்வாயை விட்டதிலிருந்து 40 டிகிரிக்கு மேல் சூடாகவே இல்லை என்று அதிலுள்ள காந்தப் பதிவை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். உள்ளே நுண்ணுயிர் இருந்திருந்தால் வெந்து செத்திருக்காது.

சரி, வழியில் பிழைக்குமா? ஜப்பானியர் டைனோகாக்கஸ் பாக்டீரியாவை உருண்டைகளாகக் காயவைத்து, விண்வெளி நிலையத்துக்கு வெளியே மூன்று ஆண்டு வைத்தார்கள். அரை மில்லிமீட்டருக்குக் குறையாத உருண்டைகளில் மேலடுக்கு செத்துப்போய் உள்ளே இருந்ததைக் காப்பாற்றியது. ஆனால் ஏஎல்எச் 84001 வந்துசேர எடுத்த காலம் ஒன்றரைக் கோடி ஆண்டுக்கும் மேல். சீக்கிரம் வந்துசேரும் சில கற்களை நம்பித்தான் இந்தக் கருத்தே நிற்கிறது. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் என்றால் இன்னும் கடினம். வாயேஜர் 1 விண்கலத்தின் வேகத்தில் போனாலும், மிக அருகிலுள்ள நட்சத்திரத்தின் தூரத்தைக் கடக்க 70,000 ஆண்டுக்கு மேல் ஆகும். அப்படிப் போகும் கல் சரியாக ஒரு பாறைக்கோளில் விழ வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆகவே, கோள்களுக்கிடையே நடந்திருக்கலாம், நட்சத்திரங்களுக்கிடையே அநேகமாக இல்லை. இதைத்தான் எல்லா அமர்விலும் சொன்னேன்.

2001-இல் கேரளத்தில் பெய்த, விண்ணிலிருந்து வந்த உயிர் என்று சிலர் சொன்ன சிவப்பு மழை பற்றிய அமர்வுக்கு மட்டும் நாற்காலி போதவில்லை. அந்தச் சிவப்பு ட்ரென்டிபோலியா பாசியின் வித்துகள் என்று விளக்கியபின், அடுத்த ஞாயிறு நான்கு பேர்தான் வந்தார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். விண்ணிலிருந்து வந்த உயிர் என்று சொல்லியிருந்தால் கூட்டம் நின்றிருக்கும். ஆதாரம் இல்லாததை இந்த மேடையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சந்தா விஷயத்துக்கு வருகிறேன். பாதிப் பேர் இன்னும் கட்டவில்லை. சிலருக்கு இது மூன்றாவது ஆண்டு. பெயர் வாசிக்கப் போவதில்லை. வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. விவரம் பொருளாளரிடம் உண்டு. வாசிப்பு வரிசைக்கு மன்றப் பணம் போனது என்று பேச்சு இருப்பதால் சொல்கிறேன்: நகல் எடுத்த செலவு மட்டும்தான், அதிலும் ஒரு பங்கு என்னுடையது.

தலைவர், பொருளாளர், இடம் தந்த பள்ளி நிர்வாகம், நாற்காலி போட்ட இளைஞர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, பென்னு என்ற சிறுகோளிலிருந்து நாசா விண்கலம் கொண்டுவந்த மண்ணைத் தலைப்பாக எடுத்துக்கொள்ள ஆசை. அதில் அமினோ அமிலங்கள் இருந்ததை 2025-இல் அறிவித்தார்கள். உயிரே வராவிட்டாலும் அதன் மூலப்பொருள் வானிலிருந்து வந்திருக்கலாம் என்பதற்கு இது நல்ல தடயம். நான் பொறுப்பில் தொடர்வதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். தொடர்ந்தால் ஞாயிறுதோறும் குறைந்தது பத்துப் பேராவது உட்கார வேண்டும். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. மதியம் வரை பொருளாளர் அங்கேயே இருப்பார்.